நெகிழும் அணுக்களின் ஓட்டம்: இரத்தத்தைக் கணிதம் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டிருக்கிறது?

ஒரே அளவுள்ள கண்ணாடி மணிகளைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டே போனால், மொத்தக் கொள்ளளவில் மணிகளின் பங்கு 64 சதவீதத்தை நெருங்கும்போது கலவை இறுகி நின்றுவிடும். அதற்கு மேல் மணிகள் நகர இடமில்லை. இரத்தத்தின் கதை வேறு. பிளாஸ்மாவை வடித்தெடுத்து, சிவப்பணுக்களின் பங்கை 95 சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலும் அது ஓடுகிறது. அதே சிவப்பணுக்களை ஆல்டிஹைடு கரைசலில் இட்டு விறைக்கச் செய்துவிட்டால், சாதாரண இரத்தத்தில் இருக்கும் 45 சதவீத அளவிலேயே ஓட்டம் திணறத் தொடங்குகிறது. அணுக்களின் எண்ணிக்கை மாறவில்லை, அவை மிதக்கும் திரவமும் மாறவில்லை. அணுவால் உருமாற முடியாமல் போனது மட்டுமே புதிது.

திரவத்தில் கரையாமல் பரவி நிற்கும் துகள்களின் கலவையைத் தொங்கல் என்று பள்ளியில் படித்திருப்போம். துகள் கெட்டியாக இருந்தால் அதன் ஓட்டத்தைக் கணிப்பதற்கு ஒரு வழி உண்டு. துகளே நெளிந்து, நீண்டு, மடிந்து, மறுபடி பழைய உருவுக்குத் திரும்பக்கூடியதாக இருந்தால் கணக்கு வேறாகிவிடுகிறது. ஓட்டம் துகளின் உருவத்தை மாற்றுகிறது, மாறிய உருவம் ஓட்டத்தை மாற்றுகிறது, இரண்டையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். பால், மயோனைஸ், கச்சா எண்ணெயில் கலந்த நீர் என்று பல இடங்களில் இந்தக் கணக்கு எதிர்ப்பட்டாலும், அறிவியலாளர்கள் அதிகம் உழைத்தது இரத்தத்தை முன்னிட்டுத்தான். அந்த உழைப்பைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்தத்துக்கென்று ஒரு பாகுத்தன்மை உண்டு எனக் கொண்டு எழுதிய சமன்பாடுகள் பெரிய தமனிகளில் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் பல நோய்கள் வேலைசெய்வது நுண்குழாய்களில். அங்கே அணுவின் சவ்வு சமன்பாட்டுக்குள் வந்தே ஆக வேண்டும்.

கெட்டிக் கோளமும் திரவத் துளியும்

இந்தத் துறையின் முதல் பெரிய பெயர் பாரிஸ் மருத்துவர் பாய்சொய். மேல்நிலை இயற்பியல் பாடத்தில் வரும் அதே பாய்சொய்தான். அவர் அறிய விரும்பியது இரத்த ஓட்டத்தை. கண்ணாடிக் குழாயில் இரத்தம் உறைந்துவிடும் என்பதால் தண்ணீரை வைத்துச் சோதித்தார். ஓட்டத்தின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற அவருடைய விதி 1840களில் வெளிவந்தது. அதற்கு முன்பே, தவளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுவரை ஒட்டி அணுக்கள் இல்லாத தெளிந்த ஏடு ஒன்று ஓடுவதை அவர் குறித்துவைத்திருந்தார். அந்த ஏடு ஏன் உருவாகிறது என்பது விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

துகள் கலந்த திரவத்துக்கு முதன்முதலில் கணக்குப் போட்டவர் ஐன்ஸ்டைன். 1905இல் ஜூரிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், கெட்டிக் கோளங்களைச் சிறிதளவு கலந்தால் திரவத்தின் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்று கணித்தார். கோளங்களின் கொள்ளளவுப் பங்கை 2.5ஆல் பெருக்கி 1உடன் கூட்டினால், பாகுத்தன்மை எத்தனை மடங்காகும் என்பது கிடைத்துவிடும். முதலில் அச்சான கணக்கில் 2.5 இருந்த இடத்தில் 1 இருந்தது. பாரிஸில் ழான் பெரினின் ஆய்வகத்தில் பான்செலின் அளந்த மதிப்பு அதைவிட மிக அதிகமாக வந்தது. தன்னுடன் பணியாற்றிய லுட்விக் ஹோப்ஃபிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார் ஐன்ஸ்டைன். பிழை அகப்பட்டது, 1911இல் திருத்தம் வெளியானது. ஒரு சோதனைச்சாலை அளவீடு ஐன்ஸ்டைனையே திருத்தியிருக்கிறது என்பதை இத்துறை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சூத்திரத்தில் கோளத்தின் அளவு வருவதில்லை, ஓட்டத்தின் வேகமும் வருவதில்லை. துகள் எவ்வளவு நெகிழக்கூடியது என்ற கேள்விக்கும் அதில் இடமில்லை. அந்த இடத்தை முதலில் திறந்தவர் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர். 1932இல் அவர் கெட்டிக் கோளத்தை எடுத்துவிட்டு ஒரு திரவத் துளியை வைத்தார். துளிக்குள் இருக்கும் திரவமும் சுழலும் என்பதால், வெளித்திரவத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு குறையும். துளியின் உட்திரவம் மிகமிகப் பாகாக இருந்தால் ஐன்ஸ்டைனின் 2.5 கிடைக்கும், வெறும் காற்றுக் குமிழாக இருந்தால் 1 கிடைக்கும். மற்ற துளிகளெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே அடங்கும். 1934இல் நான்கு உருளைகளைச் சுழற்றும் ஒரு கருவியைச் செய்து, துளி நீள்வதையும் உடைவதையும் அவர் நேரில் காட்டினார். திரவத்தின் இழுப்பு ஒருபுறம், துளியைக் கோளமாகவே வைத்திருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை மறுபுறம். இவ்விரண்டின் விகிதத்தைத் தந்துகி எண் என்கிறோம். நெகிழும் துகள்களைப் பற்றிய எந்த மாதிரியும் இன்றுவரை இந்த விகிதத்தில்தான் தொடங்குகிறது. துளியின் இடத்தில் அணுவை வைத்தால், பரப்பு இழுவிசைக்குப் பதிலாகச் சவ்வின் விறைப்பு வந்து உட்காரும்.

அடுத்து வந்த முன்னேற்றம் எனக்கு இன்னும் வியப்பளிப்பது. 1946இல் ஃப்ரோலிக்கும் சாக்கும் மீள்தன்மையுள்ள கோளங்களையும், 1953இல் ஓல்ட்ராய்ட் திரவத் துளிகளையும் எடுத்துக்கொண்டு, மொத்தக் கலவைக்குமான சமன்பாட்டை வருவித்தார்கள். ஓல்ட்ராய்டின் கணக்கில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் எளிய நியூட்டனியத் திரவங்கள். இரண்டிலும் துளிகூட மீள்தன்மை கிடையாது. ஆனால் அவற்றின் பால்மத்துக்கு மீள்தன்மை வந்துவிடுகிறது. இழுப்பை நிறுத்தியதும் துளிகள் கோளமாகத் திரும்ப முயல்வதே காரணம். திரும்ப எடுக்கும் நேரம் அந்தக் கலவையின் நினைவு நேரமாகிறது. சிவப்பணுவுக்கு அது ஏறத்தாழ 0.1 வினாடி. அதைவிட விரைவாக ஓட்டம் மாறும் இடங்களில், இரத்தம் சற்றுமுன் எப்படி ஓடியது என்பதும் கணக்கில் சேரும்.

அணுவின் கட்டமைப்பு

சிவப்பணு கெட்டிக் கோளமும் இல்லை, திரவத் துளியும் இல்லை. அதன் விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர், தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர், இருபுறமும் குழிந்த வட்டு. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 90 கன மைக்ரோமீட்டர், மேற்பரப்பு ஏறத்தாழ 140 சதுர மைக்ரோமீட்டர். அதே கொள்ளளவைக் கோளமாக அடைக்க 97 சதுர மைக்ரோமீட்டர் பரப்பே போதும். ஆக, அணுவிடம் தேவைக்கு மேல் 40 சதவீதத்துக்கும் அதிகமான தோல் இருக்கிறது. அதன் திறமை முழுவதும் இந்த உபரித் தோலில் இருக்கிறது என்றே சொல்வேன்.

மயோனைஸில் எண்ணெய்த் துளிகளின் பங்கு 70, 80 சதவீதம்வரை இருக்கும். கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும். அவ்வளவு நெருக்கத்தில் ஒவ்வொரு துளியும் கோள உருவிலிருந்து நசுங்கியே ஆக வேண்டும், நசுங்கினால் பரப்பு கூடும், பரப்பு கூட ஆற்றல் வேண்டும். எனவே துளிகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. உபரித் தோல் உள்ள சிவப்பணு பரப்பைக் கூட்டாமலேயே வேறு உருவுக்குப் போய்விட முடியும். நெருக்கியடித்த அணுக்கள் ஓடுவதும், நெருக்கியடித்த எண்ணெய்த் துளிகள் நிற்பதும் இதனால்தான்.

அந்தத் தோல் இரண்டு அடுக்காகக் கட்டப்பட்டது. வெளியே கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டைப் படலம். அது பக்கவாட்டில் திரவம்போல் நகரும், வளையும், ஆனால் பரப்பை விரிக்க விடாது. சில சதவீதம் விரித்தாலே கிழிந்துவிடும். அதன் உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தால் ஆன வலை. இது மென்மையாக நீண்டு மீளும். சவ்வுக்குள்ளே ஹீமோகுளோபின் கரைசல், பிளாஸ்மாவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பாகானது. 1970இல் கன்ஹாமும் 1973இல் ஹெல்ஃப்ரிக்கும் படலத்தை வளைக்கத் தேவைப்படும் ஆற்றலுக்குச் சமன்பாடு எழுதினார்கள். பரப்பும் கொள்ளளவும் மாறக்கூடாது என்ற நிபந்தனையுடன் அந்த ஆற்றலைக் குறைத்துப் பார்த்தால், இருபுறமும் குழிந்த வட்டு கணக்கிலிருந்தே பிறக்கிறது. 1973இலேயே ரிச்சர்ட் ஸ்காலக் குழுவினர் வலையின் மீள்தன்மைக்கு ஒரு விதி தந்தார்கள். நீட்டினால் மெல்ல எதிர்ப்பதும் பரப்பைக் கூட்டினால் கடுமையாக எதிர்ப்பதும் அதில் தனித்தனி உறுப்புகளாக வருகின்றன. இன்றைய கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு விதிகளின்மேல் நிற்பவை.

இந்தக் கட்டமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை மண்ணீரல் தினமும் சோதிக்கிறது. அங்கே அணு ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான பிளவுகளின் வழியே நுழைந்து வெளியேற வேண்டும். நுழைய முடியாதது அழிக்கப்படும். பிறவியிலேயே சவ்வின் பிணைப்பில் குறையுள்ளவர்களுக்கு அணு தன் தோலைச் சிறிதுசிறிதாக இழந்து கோளமாகிவிடுகிறது. ஹீமோகுளோபினில் ஒரு குறையும் இல்லாமலே அவர்களுக்கு இரத்தசோகை வருகிறது.

ஒற்றை அணுவின் நடனம்

ஓடும் திரவத்தின் அடுத்தடுத்த ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று எந்த வேகத்தில் வழுக்குகின்றன என்பதைச் சறுக்கு வீதம் என்போம். சறுக்கும் திரவத்தில் ஒரு கெட்டி வட்டை விட்டால் அது தலைகுப்புறப் புரண்டுகொண்டே போகும். 1922இல் ஜெஃப்ரி இதைக் கணக்கிட்டுவிட்டார். சிவப்பணு வேறொன்றும் செய்யும் என்று 1970களில் கண்டார்கள். ஃபிஷர், ஷ்மிட்-ஷோன்பைன் குழுவினர் 1978இல் காட்டிய படங்களில், அணு ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்க, அதன் சவ்வு மட்டும் பீரங்கி வண்டியின் சங்கிலிப் பட்டைபோல் சுற்றிவந்தது. 1982இல் கெல்லரும் ஸ்காலக்கும் இதற்கு எளிய கணக்கு ஒன்றைத் தந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட மிகப் பாகாக இருந்தால் அணு புரளும், இல்லாவிட்டால் சவ்வு சுற்றும். 2007இல் அப்கரியன், ஃபைவர், வியாலா ஆகியோர் சவ்வு சுற்றும்போதே அணு ஊசலாடுவதையும் கண்டார்கள். ஸ்பெக்ட்ரின் வலைக்குத் தன் பழைய உருவின் நினைவு இருக்கிறது என்பதற்கு இது சான்று.

இந்த அழகான படத்தைப் பாடநூல்கள் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டன. வேகமாக ஓடும்போது இரத்தத்தின் பாகுத்தன்மை குறைவது, அணுக்கள் நீண்டு, சாய்ந்து, சவ்வைச் சுற்றவிடுவதால்தான் என்று விளக்கம் எழுதப்பட்டது. ஒரு நுணுக்கம் விடுபட்டுப்போயிற்று. அந்தச் சோதனைகளில் அணுவை மிதக்கவிட்டது டெக்ஸ்ட்ரான் கலந்த, பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு பாகான திரவத்தில். நுண்ணோக்கியில் அணுவைப் பிடித்து வைத்துப் பார்க்க அது வசதி. உடலில் நிலைமை தலைகீழ். அணுவின் உள்ளேதான் பாகு அதிகம். 2016இல் லானோட், அப்கரியன், ஃபெடோசொவ், கோம்ப்பர் உள்ளிட்டோர் பிளாஸ்மாவை ஒத்த திரவத்தில் மறுபடி பார்த்தார்கள். சறுக்கு வீதம் கூடக்கூட வட்டுகள் புரண்டன, உருண்டன, பிறகு கிண்ண வடிவம் எடுத்தன, இறுதியில் மூன்று மடல்கள் கொண்ட உருவங்களாக நெளிந்தன. நீள்வட்டமாக நீண்டு சவ்வைச் சுற்றும் பழைய காட்சி தென்படவில்லை. முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்த விளக்கத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. மாதிரி அமைப்பவர்கள் தங்களுக்கு வசதியான திரவத்தில் கிடைத்த முடிவை உடலுக்கு எடுத்துச்செல்லும்போது காட்ட வேண்டிய எச்சரிக்கைக்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

மை தந்த சமன்பாடு

முழு இரத்தத்துக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியில் ஷூ சியென் செய்த சோதனைகள் எளிமைக்கும் தெளிவுக்கும் எடுத்துக்காட்டு. அவர் மூன்று மாதிரிகளை எடுத்தார்: பிளாஸ்மாவில் சிவப்பணுக்கள், ஆல்புமின் கரைசலில் சிவப்பணுக்கள், விறைக்க வைத்த சிவப்பணுக்கள். மூன்றிலும் அணுக்களின் பங்கு ஒன்றுதான். முதலாவது மெதுவாக ஓடும்போது மிகப் பாகாகவும், வேகம் கூடக்கூட இளகியும் நடந்தது. இரண்டாவதில் மெதுவான ஓட்டத்தின் பாகுத்தன்மை அவ்வளவு உயரவில்லை, ஆனால் வேகத்தில் இளகியது. மூன்றாவது எந்த வேகத்திலும் இளகவில்லை. பிளாஸ்மாவில் உள்ள ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அணுக்களை நாணய அடுக்குகளாக ஒட்டவைக்கின்றன, மெதுவான ஓட்டத்தின் பாகு அந்த அடுக்குகளால் வருவது. வேகமான ஓட்டத்தின் இளக்கம் அணுவின் நெகிழ்ச்சியால் வருவது. இப்படி இரண்டு காரணங்களும் தனித்தனியே பிரிந்து தெரிந்தன.

பொறியாளர்கள் கையாளும் சமன்பாடுகள் இந்த இரண்டையும் ஒரே வளைகோட்டில் அடக்கிவிடுகின்றன. காசன் 1959இல் தந்த சமன்பாடு அச்சு மைக்காக எழுதப்பட்டது. அதில் ஒரு குறைந்தபட்சத் தகைவைத் தாண்டினால்தான் பொருள் ஓடத் தொடங்கும். இரத்தத்துக்கு மெரில் குழுவினர் அளந்த அந்தத் தகைவு மிகச் சிறியது, ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் சில பங்கு. கரோ, யசுதா பெயர்களால் வழங்கும் இன்னொரு சமன்பாட்டில், மிக மெதுவான ஓட்டத்துக்கு 56 மில்லிபாஸ்கல்-வினாடி, மிக வேகமான ஓட்டத்துக்கு 3.45 மில்லிபாஸ்கல்-வினாடி என்ற எண்களை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம்.

மகாதமனியிலும் இதயத் தமனிகளிலும் சறுக்கு வீதம் பொதுவாக வினாடிக்கு நூறைத் தாண்டும். அங்கே பாகுத்தன்மையை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. சிடி படத்திலிருந்து இதயத் தமனி அடைப்பின் கடுமையைக் கணக்கிடும் மென்பொருள்கள் இந்த எளிமையில் இயங்குகின்றன, இயங்கட்டும். குறை எங்கே என்றால், காசன் சமன்பாட்டிலோ கரோ சமன்பாட்டிலோ அணுவின் விறைப்பைக் குறிக்கும் எழுத்தே கிடையாது. மலேரியா நோயாளியின் இரத்தத்துக்கும் ஆரோக்கியமானவரின் இரத்தத்துக்கும் வேறுபாடு காட்ட, எண்களை மறுபடி அளந்து பொருத்தத்தான் முடியும். ஏன் வேறுபடுகிறது என்று அச்சமன்பாடுகளைக் கேட்டுப் பயனில்லை.

குழாய் சுருங்கினால்

ஸ்வீடனின் ராபின் ஃபோரியஸ் இரத்தப் பரிசோதனைக்கூடங்களில் இன்றும் செய்யப்படும் இஎஸ்ஆர் சோதனைக்கு அடித்தளமிட்டவர். 1929இல் அவர் காட்டியது: குறுகிய குழாயில் ஓடும் இரத்தத்தில் அணுக்களின் பங்கு, குழாய்க்கு வெளியே இருப்பதைவிடக் குறைவு. 1931இல் லிண்ட்க்விஸ்டுடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். குழாயின் விட்டம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரத்தத்தின் பாகுத்தன்மையே குறைகிறது. அதே இரத்தம், அதே வெப்பநிலை, குழாய் மட்டும் வேறு. அப்படியானால் பாகுத்தன்மை இரத்தத்துக்கு மட்டும் உரிய பண்பாக இருக்க முடியாது.

காரணம் பாய்சொய் கண்ட அந்தத் தெளிந்த ஏடுதான். அணுக்கள் சுவரைவிட்டு விலகி நடுவே ஓடுகின்றன, சுவரை ஒட்டிய பிளாஸ்மா உராய்வைக் குறைக்கிறது. நடுவில் ஓடும் அணுக்கள் பிளாஸ்மாவை முந்திச் செல்வதால் குழாய்க்குள் அவை தங்கும் நேரமும் குறைகிறது. சரி, அணுக்கள் ஏன் விலக வேண்டும்? இங்கேதான் நெகிழ்ச்சி தன் முழு முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. இவ்வளவு நுண்ணிய ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் மிகச் சிறியது. பாகுவிசையே ஆட்சிசெய்கிறது, நிலைமத்துக்கு வேலையில்லை. அத்தகைய ஓட்டத்தைப் பின்னோக்கித் திருப்பினால் எல்லாம் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு கெட்டிக் கோளம் வலப்பக்கம் ஓடும்போது சுவரைவிட்டு விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தைத் திருப்பி இடப்பக்கம் விட்டால் அது சுவரை நோக்கி வர வேண்டும். ஆனால் கோளத்துக்கு வலமும் இடமும் ஒன்றுதானே? வலப்பக்க ஓட்டத்தில் விலகுவது இடப்பக்க ஓட்டத்திலும் விலகத்தான் வேண்டும். முரண்பாடு தீர ஒரே வழி, கோளம் விலகாமலே இருப்பது. நெகிழும் துகளுக்கு இந்த வாதம் செல்லாது. ஓட்டம் அதைச் சாய்த்து நீட்டிவிடுகிறது, ஓட்டம் திரும்பினால் அதன் உருவமும் புதிதாகச் சாய்கிறது. எனவே எந்தப் பக்கம் ஓடினாலும் அது சுவரைவிட்டு விலகலாம். 1960களின் தொடக்கத்தில் கோல்ட்ஸ்மித்தும் மேசனும் இதைச் சோதனையில் காட்டினார்கள். மெதுவான ஓட்டத்தில் திரவத் துளிகள் குழாயின் அச்சை நோக்கி நகர்ந்தன, கெட்டிக் கோளங்கள் நகரவில்லை.

இதன் இன்னொரு விளைவை மருத்துவமனைகளில் காணலாம். சிவப்பணுக்கள் நடுவை எடுத்துக்கொள்வதால், அவற்றைவிடச் சிறியதும் விறைப்பானதுமான தட்டணுக்கள் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன. காயம் பட்டால் அவை தேவைப்படும் இடமும் அதுதான். சிவப்பணு குறைந்த நோயாளிக்கு, தட்டணு எண்ணிக்கை போதுமான அளவில் இருந்தாலும் இரத்தக் கசிவு நிற்கத் தாமதமாவதற்கு இது ஒரு காரணம்.

1992இல் ப்ரீஸ் குழுவினர் அதுவரை கண்ணாடிக் குழாய்களில் செய்யப்பட்ட அளவீடுகளை எல்லாம் தொகுத்து ஒரு சூத்திரம் தந்தார்கள். 6, 7 மைக்ரோமீட்டர் விட்டத்தில் இரத்தத்தின் பாகுத்தன்மை அடிமட்டத்துக்கு வந்து, பிளாஸ்மாவை நெருங்குகிறது. அதற்கும் கீழே செங்குத்தாக ஏறுகிறது. சுமார் 2.7 மைக்ரோமீட்டருக்குக் கீழே அணு கிழியாமல் நுழைய முடியாது. அவர்களே 1994இல் எலியின் உயிருள்ள நுண்குழாய்களில் பார்த்தபோது எதிர்ப்பு கண்ணாடியில் கிடைத்ததைவிட மிக அதிகமாக இருந்தது. குழாய்ச் சுவரின் உட்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய மெத்தை ஒன்று இருப்பது அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆக அணு நெகிழ்வது போதாதென்று சுவரும் நெகிழ்கிறது. கண்ணாடிக் குழாயின் சூத்திரத்தை அப்படியே உடலுக்குப் பொருத்தும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன என்பது வருத்தமளிக்கிறது.

கணினிக்குள் ஒரு துளி

கணிதத்தால் கையில் தீர்க்க முடிந்தது ஒற்றை அணுவோடும் நீர்த்த கலவையோடும் முடிந்துவிடுகிறது. 45 சதவீதத்தில் ஒவ்வொரு அணுவும் அக்கம்பக்கத்து அணுக்களோடு இடித்துக்கொண்டே நகர்கிறது. அதற்குச் சிமுலேஷன் தவிர வழியில்லை. 1972இல் சார்ல்ஸ் பெஸ்கின் இதய வால்வுகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார். திரவம் நிலையான கட்டங்களில் கணக்கிடப்படும், மீள்தன்மையுள்ள சவ்வு அதற்குள் புள்ளிகளாக நகர்ந்து திரவத்தின்மேல் விசையைச் செலுத்தும். இன்றும் அணுக்களுக்கு மிகுதியாகக் கையாளப்படும் முறைகளில் அது ஒன்று. சவ்வின் பரப்பில் மட்டும் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை, திரவத்தையே துகள் பொட்டலங்களாகக் கருதும் முறை என்று வேறு வழிகளும் உண்டு. எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தில் நான் நேரம் செலவிடமாட்டேன். கவனமாகச் செய்தால் எல்லாமே ஒத்த விடையைத் தருகின்றன.

2010இல் ஜார்ஜ் பிரோஸ் குழுவினர் 26 கோடி நெகிழும் சிவப்பணுக்களின் ஓட்டத்தை மீக்கணினியில் கணக்கிட்டு, கணினித் துறையின் உயரிய கோர்டன் பெல் பரிசைப் பெற்றார்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருப்பதால், அது ஏறத்தாழ ஒரு துளி இரத்தம். அதே ஆண்டு ஃபெடோசொவ், காஸ்வெல், கார்னியாடாகிஸ் இன்னொரு பயனுள்ள முடிவைத் தந்தார்கள். ஸ்பெக்ட்ரின் வலையின் முடிச்சுகள் அனைத்தையும் பின்பற்றினால் ஓர் அணுவுக்கு 27,000க்கு மேற்பட்ட புள்ளிகள் தேவை. பண்புகளைச் சரியாக அளவிட்டு மாற்றினால் 500 புள்ளிகளே போதும். 2011இல் இவர்கள் கோம்ப்பருடன் சேர்ந்து, சியென் அளந்த வளைகோடுகளை வெறும் அணுவின் பண்புகளிலிருந்தும் அணுக்களின் ஒட்டுதலிலிருந்தும் திரும்ப வருவித்தார்கள். காசன் சமன்பாட்டில் மேலிருந்து திணித்த குறைந்தபட்சத் தகைவு இங்கே கீழிருந்து தானே எழுந்தது. இத்துறையில் நடந்த மிக முக்கியமான நிகழ்வாக இதையே கருதுகிறேன்.

இருந்தும் இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, சிமுலேஷன் விடை தருகிறது, சமன்பாடு தருவதில்லை. ஓல்ட்ராய்ட் நீர்த்த பால்மத்துக்குச் செய்ததை 45 சதவீத இரத்தத்துக்கு எவரும் நிறைவாகச் செய்துவிடவில்லை. சவ்வின் விறைப்பை ஒரு முனையில் இட்டால் மறுமுனையில் முழு இரத்தத்தின் ஓட்ட விதி வரும்படியான சமன்பாடு கையில் இல்லை. இரண்டாவது இடைவெளி அளவீட்டில் இருக்கிறது. விசைகள் எதுவும் இல்லாதபோது ஸ்பெக்ட்ரின் வலையின் இயல்பான உருவம் வட்டா, கோளத்துக்கு நெருங்கியதா என்பது நெடுநாள் விவாதம். 2012இல் வியாலா குழுவினரின் சோதனைகளும் பின்னர் வந்த சிமுலேஷன்களும் கோளத்துக்கு நெருங்கிய உருவத்தின் பக்கம் சாய்கின்றன. சவ்வின் பாகுத்தன்மைக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் தரும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. உள்ளீடே உறுதியில்லாத நிலையில், மீக்கணினியில் கட்டங்களை இன்னும் நுணுக்கமாக்கிக்கொண்டே போவதைவிட, ஓர் அணுவைக் கவனமாக அளப்பது மேலான பணி.

நோய் கேட்கும் கணக்கு

ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு, ஒட்டுண்ணி முதிர முதிர விறைத்து, பத்து மடங்குவரை நெகிழ்ச்சியை இழக்கிறது என்று ஒளிச் சாமணம் கொண்டு 2005இல் அளந்திருக்கிறார்கள். இரத்த வங்கியில் 42 நாள்வரை வைக்கப்படும் அணுக்களும் நாளாக ஆக விறைக்கின்றன. ஆனால் நெகிழ்ச்சியும் ஓட்டமும் நேருக்கு நேர் மோதும் நோய் என்றால் அது அரிவாள் அணு இரத்தசோகை. இந்நோயில் ஹீமோகுளோபின் எஸ், ஆக்சிஜனை இழந்ததும் நார்களாகத் திரள்கிறது, அணு வளைந்து விறைக்கிறது. ஹீமோகுளோபினின் மூலக்கூறு மாறியிருப்பதே இதற்குக் காரணம் என்று லைனஸ் பாலிங் குழுவினர் 1949இல் நிறுவினார்கள். 1974இல் ஹோஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் ஆகியோர் கண்டது இன்னும் கூர்மையானது. ஆக்சிஜன் போனவுடன் திரட்சி தொடங்கிவிடுவதில்லை, ஒரு தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதம் ஹீமோகுளோபின் செறிவின் ஏறத்தாழ 30ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. செறிவு சற்றே குறைந்தாலும் தாமதம் பல மடங்கு நீளும். நுண்குழாயைக் கடக்க அணுவுக்குத் தேவை ஓரிரு வினாடிகள். தாமதம் அதைவிட நீளமாக இருந்தால் அணு விறைப்பதற்கு முன்பே நுரையீரலை நோக்கித் தப்பிவிடும். கருவிலிருக்கும்போது உண்டாகும் வகை ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து உதவுவதற்கு இந்தத் தாமதக் கணக்கும் ஒரு விளக்கம். ஓட்டமும் வேதியியலும் ஒரே கடிகாரத்தில் போட்டியிடும் இந்த இடத்தில், அணுவுக்கு அணு மாறும் விறைப்பைக் கொண்ட மாதிரியால் மட்டுமே பயனுள்ள எதையும் சொல்ல முடியும்.

இந்தியாவில் அரிவாள் அணுப் பண்பு முதன்முதலில் பதிவானது நீலகிரியில். 1952இல் லேமனும் கட்புஷும் அங்கே வாழும் பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். 2023இல் ஒன்றிய அரசு அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் பெரிய அளவில் பரிசோதனை நடத்திவருகிறது. யாருக்கு நோய் இருக்கிறது என்பதை அப்பரிசோதனை சொல்லும். ஒரே மரபணுக் குறையுள்ள இருவரில் ஒருவருக்கு ஏன் அடிக்கடி வலி நெருக்கடி வருகிறது, மற்றவருக்கு ஏன் அரிதாக வருகிறது என்பதற்கு, அவரவர் அணுக்களின் நெகிழ்ச்சியையும் அவை குழாயில் ஓடும் விதத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அதற்குத் தேவையான கருவிகள் எட்டாத விலையில் இல்லை: நுண்ணோக்கி, வேகமான கேமரா, சிலிக்கோன் ரப்பரில் வார்த்த நுண்கால்வாய்கள், ஆக்சிஜன் அளவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. கணக்குப் போடும் மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பொறியியல் கல்லூரிகளில் பாய்மவியல் பயிலும் மாணவர்களும், மருத்துவக் கல்லூரிகளில் இரத்தநோய்ப் பிரிவில் பணியாற்றுபவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அடுத்த ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர் இதைப் படித்தால், கண்ணாடிக் குழாய்க்கான இன்னொரு சூத்திரத்தை எழுதப் போகாமல், உண்மையான நோயாளியின் உண்மையான அணுவை அளக்கத் தொடங்குங்கள்.